உன் அக்கா வேலையை விட்டாள்

டிராக்காடி,
பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனர் நொர்மானுக்கு,

லிவேன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா யோலாந்தும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்த வருஷம் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் பெரிது. அங்கே நீயும், உன் மனைவி ஜினெட்டும், உன் வலது முழங்காலும், புகை கக்குகிறது என்று போன மாதம் நீ அழுத விறகு அடுப்பும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேண்டிக்கொண்டேன். அடுப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டினேன், ஏனென்றால் அதைப் பொருத்தியவன் நான்.

போன் என்று ஒன்று இருக்கும்போது இவன் ஏன் தாளைக் கெடுக்கிறான் என்று நினைப்பாய். வீட்டுப் போனைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். உன் அக்காவின் கைபேசி நிலவறையில் பெரிய ஃப்ரீசருக்குள், காட் மீன் பொட்டலங்களுக்கு அடியில் கிடக்கிறது. மணி அடித்தால் அவள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள். கிறிஸ்துமஸ் முதல் என் கணக்குப்படி நான்கு தட்டு, ஒரு சூப்புப் பாத்திரம், உங்கள் அம்மா கொடுத்த நீல ஜாடி. ஜாடியைப் பற்றி நீ ஒன்றும் கேட்காதே.

உன் ஊர் மிராமிச்சி வரைக்கும் கதை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். உன் அக்கா வேலை செய்த முதியோர் இல்லத்தின் நிர்வாகி மேல் நான் கஞ்சிக் கிண்ணத்தை வீசினேன், போலீஸ் வந்தது, உன் அக்காவை வேலையை விட்டு விரட்டினார்கள் என்று மூன்று சேதி. கஞ்சி உண்மை, வீசவில்லை. போலீஸ்காரர் வந்தது உண்மை, அவர் தன் அம்மாவைப் பார்க்க வந்தார். விரட்டினார்கள் என்பது சுத்தப் பொய். உன் அக்கா தானாகவே வேலையை விட்டாள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், காப்பியை ஊற்றிக்கொண்டு உட்கார்.

உனக்குத் தெரியும், அவள் அங்கே இருபத்தேழு வருஷமாக நர்ஸ். இரண்டாம் மாடி அவளுடையது. முப்பத்தொரு பேர், எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்குத் தங்கள் பெயர் மறந்துவிட்டது, மீதிப் பேருக்குத் தங்கள் பெயர் மட்டும்தான் ஞாபகம். முன்பெல்லாம் அவளோடு உதவியாளர்கள் நான்கு பேர் இருந்தார்கள். பிறகு மூன்று. பிறகு இரண்டு. போன இலையுதிர் காலத்திலிருந்து இவெட் ஒருத்தியும், 'வந்துகொண்டிருக்கிறார்' என்று பட்டியலில் எழுதப்பட்ட இன்னொருவரும். அந்த இன்னொருவர் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார். நானும் உழைக்காதவன் இல்லை, நொர்மான். முப்பத்து நான்கு வருஷம் சாலையில் பனி வழிக்கும் லாரி ஓட்டினேன். இருபது மணி நேரம் இறங்காமல் ஓட்டியிருக்கிறேன். ஆனால் பனி ஒரு கட்டத்தில் நிற்கும். நின்றதும் திரும்பிப் பார்த்தால் பின்னால் கறுப்பாக ஒரு சாலை தெரியும், அதை நான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம். அவளுக்குத் திரும்பிப் பார்த்தால் செய்யாமல் விட்டதுதான் தெரியும். இவருக்குத் தலை வாரவில்லை, அவரைக் குளிப்பாட்டவில்லை, இன்னொருவர் பத்து நிமிஷம் பேசச் சொன்னார், ஒரு நிமிஷம்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இதைத்தான் சொல்லுவாள். கொஞ்ச நாளில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். நான் மடையன், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதலில் போனது பல். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள், நான் எழுந்து போய் எலி இருக்கிறதா என்று சமையலறையில் விளக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் மெத்தென்ற ரொட்டியைத் தின்னும்போது கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. படுக்கும்போது பல்லுக்குக் கவசமாக மாட்டிக்கொள்ளப் பல் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் ஒரு ஹாக்கி ஆட்டக்காரனின் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அடுத்து இடுப்பைச் சுற்றி அக்கி. அடுத்து ரத்த அழுத்தம். மாத்திரை சாப்பிட்டால் மயக்கம், சாப்பிடாவிட்டால் காதுக்குள் ரயில். எதைக் கேட்டாலும் எரிந்து விழுவாள். உப்பு எங்கே என்று கேட்டதற்கு, "உப்பு எங்கேன்னு முப்பத்தொரு பேர் கேட்டாங்க, நீ முப்பத்திரண்டாவது ஆளு!" என்று கத்திவிட்டுப் போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். என்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்து நான் பூ வாங்கி வந்தேன். பூவைப் பார்த்து, "இதுக்கும் நான்தான் தண்ணி ஊத்தணுமா?" என்றாள். நானே ஊற்றினேன். அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, நான்கே நாளில் அழுகிவிட்டது.

இதையெல்லாம் நான் சிரிக்கிற மாதிரி எழுதினாலும் ஒன்றை மட்டும் அப்படி எழுத முடியவில்லை. நவம்பரில் உங்கள் எதித் அத்தை அதே மாடியில் இறந்தார்களே, அடக்கத்தில் அக்கா கல் மாதிரி நின்றாள், எவ்வளவு தைரியம் பார் என்று நீகூட என்னிடம் சொன்னாய். அது தைரியம் இல்லை. திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "லிவேன், அத்தை போயிட்டாங்கன்னு இவெட் வந்து சொன்னப்ப எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? சரி, நாளைக்குக் குளிப்பாட்ட ஒரு ஆள் கம்மின்னு தோணுச்சு." அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அவளை எடுத்து வளர்த்த அத்தை, நொர்மான். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

டிசம்பரில் இல்லத்துக்கும் ஏதோ தோன்றிவிட்டது. 'ஊழியர் நல வாரம்' என்று ஒன்று வந்தது. மாங்க்டன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பி மூச்சு விடக் கற்றுக் கொடுத்தார்கள். உன் அக்காவுக்குப் பன்னிரண்டு நாளில் கிடைத்த ஒரே விடுமுறை நாளில் அந்த வகுப்பு. கட்டாயம் வரவேண்டுமாம். எல்லோரும் கண்ணை மூடி, கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நாம் கடற்கரையில்தான் இருக்கிறோம், ஜன்னலைத் திறந்தால் போதும் என்று இவெட் சொன்னாளாம். கண்ணை மூடிய ஏழு பேரில் ஐந்து பேர் தூங்கிவிட்டார்கள். வகுப்பு பெரிய வெற்றி என்று அந்தப் பெண் அறிக்கை எழுதினாள். கடைசியில் உங்களைக் களைப்பாக்குவது எது என்று ஒரு சீட்டில் எழுதச் சொன்னார்கள். உன் அக்கா 'இந்த வகுப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கூடவே ஒரு கையேடும் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்கவில்லை, நான்தான் பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தேன். வேலைச் சுமையால் மனிதன் கரிந்துபோவதன் காரணங்கள் என்று ஒரு பக்கம்: ஆள் பற்றாக்குறை, தன் வேலை நேரம் தன் கையில் இல்லாமை, நல்ல வார்த்தை கிடைக்காமை, செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய விதத்தில் செய்ய முடியாமை. எல்லாம் சரி. எதிர்ப் பக்கத்தில் உடம்புக்கு என்ன ஆகும் என்று பதினான்கு அறிகுறி போட்டிருந்தார்கள். தூக்கமின்மை, மறதி, தலைவலி, ரத்த அழுத்தம், நெஞ்சுப் படபடப்பு, எதிலும் ஒட்டாமை. நான் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், பன்னிரண்டு வந்தது. மீதி இரண்டையும் அவள் என்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். அதன் பிறகு பின்னட்டையில் மருந்து: நடை போங்கள், மூலிகை டீ குடியுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள், முடியாது என்று சொல்லப் பழகுங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். இன்னொரு ஆளை வேலைக்கு வையுங்கள் என்று எங்கேயும் இல்லை. காரணத்தையெல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், நொர்மான், குணமாக்கிக்கொள்கிற வேலையை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே அவளுக்கு வேலை போதாதாம்.

சொன்னதைச் செய்கிறவள்தானே உன் அக்கா, முடியாது என்றும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். புத்தாண்டுக்கு முந்தின நாள் காலையில் போன் வந்தது. "முடியாது, செலீன்," என்றாள், நான் பக்கத்தில் நின்று கை தட்டினேன். அந்தப் பக்கத்தில் நிர்வாகி செலீன், "சரி யோலாந்த், நீங்க ஓய்வெடுங்க. இவெட் தனியா முப்பத்தொரு பேரைப் பாத்துக்குவா," என்றாள். அவ்வளவுதான். நான் கை தட்டி முடிப்பதற்குள் உன் அக்கா பனிக்கால பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் ஒருநாள் கூட்டுறவுக் கடையிலிருந்து கணக்குப் பார்க்கிற ரேயா எனக்குப் போன் பண்ணினாள். "லிவேன், நீங்க கொஞ்சம் வர முடியுமா? யோலாந்த் தயிர் அலமாரி முன்னாடி நிக்கறாங்க." நின்றால் என்ன, தயிர் வாங்கப் போனவள்தானே என்றேன். "நாப்பது நிமிஷமா நிக்கறாங்க," என்றாள். போய்ப் பார்த்தேன். அந்தக் குளிர் அலமாரிக்கு முன்னால் கோட்டுப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். "எத்தனை வகை பாரு லிவேன்," என்றாள். "எதை எடுக்கறதுன்னு தெரியல. எதை எடுத்தாலும் ஒன்னு விட்டுப்போகுது." நான் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு அவளை வெளியே கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது தயிரே இல்லை, சாலட்டுக்கு ஊற்றுகிற ஏதோ பூண்டுக் குழம்பு. அன்று இருவரும் அதைத்தான் உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அதற்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, காலுறையை மாட்டக் குனிந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் மெழுகு மாதிரி. முப்பத்து நான்கு வருஷத்தில் நான் ஓட்டாத வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஒன்பது மணிக்கு உள்ளே போனோம், டாக்டர் முகத்தைப் பார்த்தபோது மாலை ஐந்து. குற்றம் சொல்ல முடியாது, அங்கேயும் ஆள் இல்லை. டாக்டர் அர்செனோ என்று ஒரு சின்ன வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே இரண்டு கருப்பு வளையம். உன் அக்காவின் மார்பில் ஒயர்களை ஒட்டி, படம் எடுத்து, நீளத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாரடைப்பு இல்ல. இதயம் இப்போதைக்கு நல்லா இருக்கு. இப்படியே போனா நல்லா இருக்காது. கடைசியா எப்ப முழுசாத் தூங்கினீங்க, மதாம்?"

"எந்த வருஷத்தைக் கேக்கறீங்க?" என்றாள் உன் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து கண்ணைக் கசக்கினாள். "மன்னிச்சுக்குங்க. நானும் பதினாறு மணி நேரமா நின்னுட்டிருக்கேன்," என்றாள். உன் அக்கா படுத்தபடியே நகர்ந்து, "இங்க உக்காரும்மா," என்று கட்டிலில் இடம் விட்டாள். டாக்டரும் உட்கார்ந்துவிட்டாள். நோயாளி யார், டாக்டர் யார் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து உன் அக்காவின் கைப்பைக்குள் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"யோலாந்த், நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு..." என்று செலீனின் குரல்.

"நான் லிவேன். அவ ஆஸ்பத்திரில இருக்கா. நெஞ்சுல ஒயரோட இருக்கா."

"ஐயோ கடவுளே!" என்றாள். உண்மையாகவே பதறினாள், நான் பொய் சொல்லமாட்டேன். பிறகு, "எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து இவள், "யாரு, செலீனா? வரேன்னு சொல்லு," என்கிறாள். ஒயர் ஒட்டிய மெஷின் வேகமாகக் கூவ ஆரம்பித்துவிட்டது. டாக்டர் எழுந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, உன் அக்காவைப் பார்த்து, "இதுதான் உங்க வியாதி," என்றாள். ஒரு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும்தான் அந்தப் போன் காட் மீனுக்கு அடியில் போனது.

மறுநாள் காலை அவள் மாத்திரை மயக்கத்தில் தூங்கும்போது, நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே இல்லத்துக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். 'மதாம் நிர்வாகி அவர்களே, ஒரு மனுஷியின் இருபத்தேழு வருஷத்தை' என்று ஆரம்பம். நன்றாக வந்திருந்தது, மாதா கோவிலில் நின்று சொல்லலாம். இரண்டாம் மாடிக் கதவுக்கு ரகசிய எண் உண்டு. அந்த ரகசிய எண்ணைக் கதவுக்கு மேலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். உள்ளே போனதும் தொண்ணூற்று நான்கு வயது மத்தில்த் அம்மாள் சக்கர நாற்காலியிலிருந்து என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஃபாதர், பாவமன்னிப்பு வேணும்," என்றாள். நான் ஃபாதர் இல்லை என்றேன். "போன ஃபாதரும் இதத்தான் சொன்னாரு," என்று சொல்லிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஒரு லாப்ஸ்டர் படகில் நடந்ததை ஆரம்பித்துவிட்டாள். முழுவதையும் கேட்டேன். அதை உனக்கு எழுதமாட்டேன், ஆனால் ஷிப்பகனில் இரண்டு குடும்பம் இன்னும் பேசாமல் இருப்பதற்குக் காரணம் எனக்கு இப்போது தெரியும்.

அப்போது நடைபாதையின் கோடியிலிருந்து இவெட் ஓடி வந்தாள். கையில் நான்கு கிண்ணம், தோளில் துண்டு, தலைமுடி கலைந்து ஒரு பக்கம் தொங்குகிறது. "லிவேன்! யோலாந்த் எப்படி இருக்காங்க? நல்லா இருக்காங்களா? சரி, கை கழுவு," என்றாள்.

"நான் செலீனைப் பாக்க வந்தேன்."

"எல்லாரும் செலீனைத்தான் பாக்க வராங்க. செலீன் சமையக்கட்டுல இருக்காங்க, சமையல்காரர் வரல. நீ இதப் பிடி. நாலாம் நம்பர், ஆறு, ஏழு, எட்டு. மெதுவா ஊட்டு. முழுங்கிட்டாங்களான்னு தொண்டையப் பாத்துட்டு அடுத்த கரண்டி குடு." சூரியகாந்திப் பூப் போட்ட ஒரு ஏப்ரனை என் நல்ல கோட்டுக்கு மேலேயே கட்டிவிட்டு ஓடிவிட்டாள். முதுகைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு அந்தக் கையேடு கற்றுக் கொடுக்கவில்லை.

நாலாம் நம்பரில் யார் தெரியுமா? யூக்ளித். சாலைத் துறையில் எனக்கு மேலே இருந்த அதே யூக்ளித் தான். பனிக்கட்டியைக் கையால் உடைக்கிற ஆள், அவர் குரல் கேட்டால் லாரியே தானாகக் கிளம்பும். வாயைத் திறக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். கரண்டியை உதட்டில் தொட்டால் திறக்கிறார். அரைக் கிண்ணம் ஊட்டக் கால் மணி நேரம் ஆனது. கன்னத்தைத் துடைத்துவிட்டு எழுந்தேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி மட்டும் பழைய பிடி. விடவில்லை. வெளியே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, ஆறாம் நம்பரில் யாரோ அழுகிறார்கள், கையில் மூன்று கிண்ணம் ஆறுகிறது. கடைசியில் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் நான் எழுந்து வந்தேன். ஐந்து விரல், நொர்மான். நான் ஒரு தரம் பிரித்தேன். அவள் ஒரு நாளைக்கு முப்பத்தொரு தரம் பிரித்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள், நான் அவளிடம் உப்பு எங்கே என்று கேட்கிறேன்.

ஆறும் ஏழும் ஊட்டி முடிப்பதற்குள் என் பேச்சின் ஆரம்பம் மறந்துவிட்டது. கோட்டுக் கையெல்லாம் கஞ்சி. கையில் எட்டாம் நம்பரின் கிண்ணத்தோடேயே சமையல்கட்டுக்குப் போனேன். செலீன் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "லிவேன், நீங்க இங்க ஊட்டறது விதிப்படி தப்பு," என்றாள். அடுத்த மூச்சிலேயே, "எட்டாம் நம்பருக்கு ஆச்சா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! ஆரம்பம் மறந்தாலும் நடுவிலிருந்து பிடித்துக்கொண்டேன். "அவ நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கா! நீங்க ஆறு மணிக்கு வருவாளான்னு கேக்கறீங்க! மனுஷியா இல்ல மெஷினா அவ? மெஷினுக்குக்கூட எண்ணெய் ஊத்துவாங்க!" என்று சொல்லி, கிண்ணத்தை மேசையில் ஓங்கி வைத்தேன். வைத்தேன், வீசவில்லை. கஞ்சிதான் தானாக எழும்பிப் போய்ச் செலீனின் சட்டையில் விழுந்தது. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். சட்டையிலிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதுதான் அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் போன முதல் சாப்பாடு என்று நினைக்கிறேன்.

"கத்துங்க லிவேன்," என்றாள். "நல்லாக் கத்துங்க. நான் கத்தறதுக்கு ஆள் இல்ல. அஞ்சு ஆள் வேணும்னு மாங்க்டனுக்கு எழுதினேன். அந்த மூச்சுப் பயிற்சிக்காரியை அனுப்பி வெச்சாங்க." சொல்லிவிட்டு அடுத்த முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் ஹாக்கிக்காரன் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. திட்ட வந்தவனுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் ஒருத்தர் இல்லை, எல்லோரும் நின்றபடி கரிந்துகொண்டிருக்கிறார்கள். திட்ட வேண்டியவர்கள் மாங்க்டனில் கண்ணாடிக் கட்டடத்தில் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டுப் போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தது அப்போதுதான். "என்ன லிவேன், ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. ஒன்பதாம் நம்பர்ல எங்கம்மாவுக்குக் கஞ்சி இன்னும் வரல, கொஞ்சம் பாருங்களேன்," என்றார். ஒன்பதாம் நம்பருக்கும் ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன், மணி பன்னிரண்டு.

அன்று மத்தியானம் உன் அக்கா எழுந்து வந்து என் கோட்டைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். யூக்ளித்தின் கையைச் சொன்னபோது எழுந்து போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன், நாற்பது வருஷத்தில் நான் இப்படிப் பேசியதில்லை: "யோலாந்த், நீ செத்துப்போனா உன் இடத்துக்கு அவங்க பட்டியல்ல இன்னொரு பேரு எழுதுவாங்க. எனக்கு எழுத வேற பேரு இல்ல. வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு." அடுப்பிலிருந்த கெட்டிலை இறக்கி வைத்தாள். அதன் பிறகு, "தாள் குடு," என்றாள். நான் வாசகம் சொல்லட்டுமா என்றேன். "இருபத்தேழு வருஷமா ரிப்போர்ட் எழுதறவ நான், எனக்கு எழுதத் தெரியும்," என்று கையால் மறைத்துக்கொண்டே எழுதி, ஒட்டி, வெள்ளிக்கிழமை என்னோடு வந்து கொடுத்தாள். நான் எஞ்சினை அணைக்காமல் வாசலில் காத்திருந்தேன். ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டாள். "குடுத்தாச்சா?" என்றேன். "குடுத்தாச்சு." "என்ன சொன்னா?" "சரின்னா." அவ்வளவு சுலபம்! இருபத்தேழு வருஷம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வழியில் பொரித்த கிளிஞ்சல் வாங்கிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் அக்கா என் பங்கையும் சாப்பிட்டாள்.

அது ஆகி நான்கு வாரம் நெருங்குகிறது. முதல் வாரம் தூங்கினாள். சும்மா சொல்லவில்லை, நொர்மான், மூச்சு இருக்கிறதா என்று நான் கண்ணாடியை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது வாரம் எதித் அத்தைக்காக அழுதாள். சமையலறையில் கோழி ஃப்ரிகோ சூப்புக்கு உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டே நின்றவள் திடீரென்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் அழுதாள். நான் உருளைக்கிழங்கை வெட்டி முடித்தேன். மூன்றாவது வாரம், என் மீசையில் ஒட்டியிருந்த ஜாமைப் பார்த்துச் சிரித்தாள். நான் நாள் முழுக்க அதைத் துடைக்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. பல் கடிப்பது இன்னும் நிற்கவில்லை. அதுவும் நிற்கும். ஆகையால் ஊரில் யாராவது கேட்டால் தலை நிமிர்ந்து சொல்: என் அக்காவை யாரும் விரட்டவில்லை, அவளே தூக்கி எறிந்துவிட்டு வந்தாள், அவள் புருஷன் பக்கத்தில் நின்றான் என்று சொல். மனுஷன் ஒரு கட்டத்தில் வாயைத் திறந்து போதும் என்று சொன்னால் அது நடக்கும் என்பதற்கு இந்த வீடு சாட்சி. நீயும் அந்த மரக்கிடங்கில் உன் முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று யோசி.

ஜினெட்டுக்கு எங்கள் அன்பு. உன் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாதா உங்கள் கூரையையும், கூரைமேல் கிடக்கும் பனியையும், அதை வழிக்க ஏறும்போது உன்னையும் காப்பாளாக. இதை உன் அக்காவிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், அவளுக்கும் கொஞ்சம் காலாற நடந்த மாதிரி இருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு மைத்துனன்,
லிவேன் ரொபிஷோ

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. தபால் ஆபீஸ் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உறையைப் பாதிதான் ஒட்டியிருந்தான், அதனால் படித்தேன். எல்லாம் உண்மைதான், பல், தயிர், அத்தை எல்லாம். ஒன்று மட்டும் இல்லை. நான் செலீனிடம் கொடுத்தது டாக்டர் சீட்டு, அதோடு ஒரு மாத லீவு கேட்டு நான்கு வரி. கொடுத்தாச்சா என்று கேட்டான், கொடுத்தாச்சு என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சொல்ல வரவில்லை. இவெட்டுக்கு இப்போது இடது கை மரத்துப்போகிறது, ஆனாலும் வருகிறாள். நான் போகாவிட்டால் அவளும் விழுவாள், பிறகு அந்த மாடியில் யாரும் இல்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை, தம்பி. எனக்கு வேறு எதுவும் தெரியாமல் போய்விட்டது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று இங்கிருந்தே செலீனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நீ ஐந்தரைக்கெல்லாம் உன் லாரியோடு இங்கே வந்துவிடு. ஸ்மெல்ட் மீன் அப்படிக் கடிக்கிறது என்று சொல்லி அவனை உறைந்த ஆற்றின் மேலிருக்கும் உன் மீன்பிடிக் குடிலுக்குக் கூட்டிப் போ, பொழுது சாய்கிற வரைக்கும் விடாதே. சூப் ஃப்ளாஸ்கில் ஊற்றிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்பான். அக்கா தூங்குகிறாள், எழுப்பாதே என்று சொல்.